நெஞ்சுக் கம்பி

நாற்காலியிலிருந்து எழுந்தபோது அவள் மார்புக்குள் ‘டக்’ என்றது.

பெரிய சத்தமில்லை. பேனாவை மூடியில் அழுத்திச் செருகினால் வருமே, அவ்வளவுதான். ஆனால் அது காது வழியாக வந்த சத்தம் அல்ல. எலும்பு வழியாக ஏறித் தாடையில் வந்து நின்ற சத்தம். பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே எவனோ வண்டியைப் பின்னால் எடுத்தான். கிளட்சைக் கருக்குறான் பாவி என்று பழக்க தோஷத்தில் மனம் திட்டியது. மெதுவாக மூச்சை இழுத்தாள்.

டக்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். அவள் போடும் சத்தத்துக்குப் பயந்தே நிறையப் பேர் ஒழுங்காக ஓட்டினார்கள். ‘பிரேக் டீச்சர்’ என்று முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர். இதயக் குழாயில் அடைப்பு என்று போன மாதம் அவள் நெஞ்சைத் திறந்தார்கள். நடு நெஞ்சு எலும்பை ரம்பத்தால் நெடுக அறுத்து, இரண்டு கதவுபோல விரித்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் சேர்த்துக் கட்டி முறுக்கி, மேலே தோலைத் தைத்திருந்தார்கள். கையை ஊன்றி எழக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்று விடாமல் செய்தாள். அதனால்தான் இப்போது பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது.

“என்னங்க, எலும்பு சேரலை. உள்ள ஆடுது.”

கணவர் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“புதுச் செருப்பு கொஞ்ச நாளைக்குச் சத்தம் போடத்தான் செய்யும்.”

“என் நெஞ்சு உங்களுக்குச் செருப்பா?”

“கோபப்படாதம்மா. கோபம் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?”

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். காத்திருக்க வைத்து ஒரு பாட்டைப் போட்டார்கள். பிறகு வந்த நர்ஸ், “அது வாயுவா இருக்கும்மா, பயப்படாதீங்க” என்றாள். வாயு எங்கே இருக்கும், எலும்பு எங்கே இருக்கும் என்று கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

அதன்பிறகு அவள் அந்தச் சத்தத்துக்குக் காவல் இருந்தாள். திரும்பினால் வந்தது. தும்மினால் வந்தது. சிரித்தால் வருமோ என்னவோ, சிரிக்க எதுவும் இல்லை. கணவர் வேலைக்குப் போன பிறகு, ஜன்னல் வெளிச்சம் கட்டிலின் கால்மாட்டிலிருந்து மெல்ல ஏறி முழங்காலைத் தொடும் நேரத்தில், மின்விசிறியின் கிறீச்சும் பக்கத்து வீட்டுக் குக்கரின் சீறலும் அடங்கி வீடு முழுக்க ஒரு கனத்த அமைதி இறங்கும்போது, மல்லாந்து படுத்து மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். அசையவில்லை. மூச்சு விடவில்லை. இப்போது சத்தம் வர வழியே இல்லை.

வந்தது. ‘டக்’ இல்லை. வேறொன்று.

கிர்ர்ர் என்று நிதானமான ஓர் அரைப்பு. மறை கழன்றுவரும் திருகாணியைப் போல. கொஞ்சம் சுற்றியது, நின்றது. கைமாற்றிப் பிடிக்கும் நேரம். மறுபடி சுற்றியது.

தொண்டைக்குழிக்குக் கீழே தோலுக்கடியில் முதல் கம்பியின் முடிச்சு ஒரு மிளகு அளவுக்கு நெருடும். குளிக்கும்போதெல்லாம் விரலில் படும். இப்போது தடவினாள். மிளகைக் காணவில்லை. அந்த இடத்தில் ஏதோ நீளமாக, நேராக நின்றது.

ரவிக்கை ஈரமாக இருந்தது. வெளிர்சிவப்புத் தண்ணீர். அதிலிருந்து ரத்த வாடையோ சீழ் வாடையோ வரவில்லை. எலும்பை அறுக்கும்போது எழும் தீய்ந்த வாடை வந்தது. மயக்கத்தில் கிடந்தவளுக்கு அது தெரிந்திருக்க நியாயமே இல்லை. ஆனால் தெரிந்தது.

கணவரை வரவழைத்தாள். அவர் ஈரத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். வழியில் ஒவ்வொரு குழிக்கும் தலையணையை இறுக்கிக்கொண்டு ஓட்டுநரைத் திட்டினாள். திட்டுவது நின்றால் அழுகை வந்துவிடும் என்று தோன்றியது.

எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அவள் நெஞ்சைத் திறந்த பெரிய டாக்டர் அதை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு ரொம்ப நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“கம்பி அறுந்துபோச்சா டாக்டர்?” கணவர் கேட்டார்.

“அறுந்தா ரெண்டு துண்டாத் தெரியும். எலும்பை அறுத்துக்கிட்டு நகர்ந்தா இடம் மாறித் தெரியும். இது…” அவர் பலகையை விட்டு விலகினார்.

அவளே பார்த்தாள். வரிசையாக வெள்ளைக் கோடுகள். எதிலும் முறுக்கு இல்லை. யாரோ பொறுமையாகப் பிரித்து நிமிர்த்தி வைத்ததுபோல முனைகள் விரிந்து நின்றன. அடியில் இருந்த ஒன்று மட்டும் இன்னும் முடிச்சோடு இருந்தது.

“கனமா எதையாவது தூக்கினீங்களா?”

அவளுக்குள் ஏதோ வெடித்தது.

“ஒரு செம்பு தண்ணி தூக்கலை! போன்ல சொன்னேன், வாயுன்னீங்க. வீட்டுல சொன்னேன், செருப்புன்னாங்க. கட்டினது நீங்க, தூக்கினது நானா?”

“டென்ஷன் ஆகாதீங்கம்மா. திரும்பத் திறந்து, சுத்தம் பண்ணி, கட்டிரலாம். சார், நீங்க போய் வீல் சேர் எடுத்துட்டு வாங்க.”

கணவர் ஓடினார். டாக்டர் அவளைப் படுக்க வைத்து உள்ளங்கையை நெஞ்சின் மேல் வைத்தார். “இருமுங்க.” இருமினாள். இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று உரசி விலகின. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு இடது விரலை எலும்பின் மேல் படுக்க வைத்து வலது விரலால் தட்டினார். டொக். டொக். அனிச்சையாகச் செய்கிற காரியம். கவனம் எங்கோ இருந்தது.

டொக். டொக்.

அவர் விரல் அந்தரத்தில் நின்றது. அவர் தட்டவில்லை.

அறையில் ஏசி மட்டும் உறுமியது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அது வெளிறிப்போவதைப் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக இன்னொரு ஆள் அதைக் கேட்டுவிட்டார். பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு ஆறியது.

“கேட்டுச்சுல்ல டாக்டர்?”

அவர் கையை எடுத்தார். கோட்டில் துடைத்தார்.

“எனக்கு எதுவும் கேக்கலைம்மா.”

“பொய் சொல்லாதீங்க. உங்க விரலுக்குக் கீழதான் தட்டுச்சு.”

“எதுவும் கேக்கலை. நான்… ஆளக் கூட்டிட்டு வரேன்.”

பின்னோக்கியே நடந்தார். அவள் பக்கம் முதுகைத் திருப்பாமல். கதவு மூடியது.

கதவில் பால்நிறக் கண்ணாடி. அதில் அவர் நிழல். அது போகவில்லை. இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கதவோடு ஒட்டி நின்றது.

“கதவத் திற!” அவள் கத்தினாள். சாலையையே நிறுத்துகிற குரல். “திறடா!”

நிழல் அசையவில்லை. வராந்தாவில் கணவரின் குரல் ஏதோ கேட்டது. “ஒண்ணுமில்ல சார், வாயு” என்று டாக்டர் சொல்வது கண்ணாடி வழியாகத் தெளிவாகக் கேட்டது.

கத்தியதில் நெஞ்சு விலகியிருந்தது.

கிர்ர்ர்.

அடிக்கம்பி. கொஞ்சம் சுற்றியது. நின்றது. கைமாற்றிப் பிடித்தது. சுற்றியது.

அவள் குனிந்து பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. தையல் தழும்பின் ஓரமாகத் தோல் மேலே எழும்பியது. ஈரத் துணிக்கு அடியில் கை நுழைந்தாற்போல. ஒரு மேடு. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு.

நான்கு விரல்நுனிகள். நகம் வரைக்கும் தெரிந்தது.

அவை அவசரப்படவில்லை. கீழிருந்து மேலாக, ஒவ்வொரு தையலாக, விளிம்பைத் தேடித் தடவிக்கொண்டே வந்தன.