மூன்றாவது பாயிண்ட்

தண்டவாளத்தின் மேல் எஞ்சின் இல்லை, பெட்டி இல்லை, ஒரு குண்டூசிகூட இல்லை. ஆனாலும் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் மூன்றாவது பாயிண்டைத் திருப்பியதும் மல்டிமீட்டர் கீச்சென்று கத்தியது. இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். நஸ்ருதீனுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

கிருஷ்ணன்கோவில் கல்லூரிக் கண்காட்சிக்கு இந்த மாடல் ரயிலை நான்கு மணிக்குள் ஓடவைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தான். மழைக்கு முந்திய புழுக்கத்தில் ராஜபாளையமே மூச்சடைத்துக் கிடக்க, உருகிய ஈயத்தின் வாடையும் பக்கத்து அறையிலிருந்து வந்த மருந்து வாடையும் மின்விசிறிக்கடியில் ஒன்றாய்ச் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்த அறையில் அவனைப் பெற்ற அத்தா மைதீன் பிச்சை படுத்திருந்தார். இருதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று நாள். "மாமா கூப்பிட்டாகன்னா உடனே போயிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி சப்ரீன் மாத்திரை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தாள்.

பாயிண்டைத் திருப்பினான். கீச்.

"ஏலே நஸ்ரு," என்றார் அத்தா. "நெஞ்சுக்குக் குறுக்க என்னமோ கெடக்குலே."

"செத்த நேரம், வாரேன்த்தா."

ஊரிலுள்ள மோட்டாரையெல்லாம் சரிசெய்கிறவன் விரல் நீளப் பாயிண்டிடம் தோற்பதா? சுரண்டினான். துடைத்தான். வயர் இரண்டையும் வெட்டிவிட்டுத் திருப்பினான். கீச். பக்கத்து அறையில் முனகல். மறுபடி திருப்பினான். மறுபடி முனகல். அந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். சீ, பன்னிரண்டு வோல்ட். ஈயைக்கூடக் கொல்லாது.

வயர்களைச் சேர்த்தான். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றினான். குறுக்கே கிடப்பது எதுவானாலும் எரிந்து தொலையட்டும்.

சுவிட்சைப் போட்டான்.

பாயிண்டில் பொறி பறந்தது. மயிர் கருகும் நாற்றம். பக்கத்து அறையில் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது.

மீட்டர் கத்தவில்லை. எஞ்சினை வைத்தான். மூன்றாவது பாயிண்டை அழகாகத் தாண்டி வட்டமடித்து ஓடியது. அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அத்தா, ஓடிருச்சு."



போய்ப் பார்த்தான். கண்கள் திறந்திருந்தன. கட்டுக்கு மேலே, மார்பின் குறுக்கே, இரண்டு கரிக்கோடுகள். நடுவில் அந்தத் தண்டவாளத்துக்கு உள்ள அதே ஒரு விரல் இடைவெளி. மூக்கருகே கை வைத்தான். மூச்சு இல்லை.

அந்தப் பக்கம் ரயில் மூன்றாவது பாயிண்டைத் தாண்டியது. தடக்.

அத்தாவின் மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது.

பிறகு அசைவில்லை.

தடக். ஏறி இறங்கியது.

நஸ்ருதீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தான். எஞ்சின் சூடாகும் வாடை வந்தது. இந்த முறை ரயில் வர நேரமானது.