துடைத்தாலும் போகாத புள்ளிகள்

அன்று கருத்தரங்க அறையில் இருந்தவர்கள்: கணிதத் துறைத் தலைவர். மேடையில் பேசுகிறவளின் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு சொல்ல வந்த இரண்டு பேராசிரியர்கள். தங்கை பேசுவது ஒன்றும் புரியாமல் கைதட்டக் காத்திருந்த பல் டாக்டர் அக்கா. தூங்கி வழியும் மாணவர்கள் சிலர். கடைசி வரிசையில், மழைக்கு ஒதுங்கிய ஒருவன்... சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு புள்ளியை எடுத்துக்கோங்க. ஒரே விதியை அதுமேல திரும்பத் திரும்பப் போடுங்க. சிலது ஓடிப்போயிடும். ஓடாததெல்லாம் சேர்ந்தா இந்த உருவம்" என்றாள்.

திரையில் இரண்டு கறுப்புத் தீவுகள். எவ்வளவு பெரிதாக்கினாலும் சுருளுக்குள் சுருள். நடுவில் வெள்ளை இடைவெளி. இரண்டும் ஒட்டவே ஒட்டாது... அதுதான் அவளுடைய தேற்றம். ஆறு வருடம். கணித ஆய்வுப் பத்திரிகை ஏற்றுக்கொண்டாயிற்று. இன்று வேலையும் நிரந்தரமாகிவிடும்.

இடைவெளியில் சில கரும்பொட்டுகள் தெரிந்தன. அழகாக இருக்கட்டும் என்று காலையில்தான் படத்தை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டிருந்தாள். தலைவர் எழுந்து கைக்குட்டையால் திரையைத் துடைத்தார்.

"தூசி."

"துடைச்சா போகாது சார்" என்றது கடைசி வரிசை.

எல்லாத் தலைகளும் திரும்பின. நனைந்தவன் எழுந்து நின்றிருந்தான். "தூசி இப்படி வரிசையா உட்காராது. ரெண்டு தீவையும் சேர்த்து நடுவுல ஒரு இழை ஓடுது. கணினி போடற புள்ளிக் கட்டத்தைவிட மெல்லிசு. அதான் அங்கங்க மட்டும் மாட்டுது."

யார்டா இவன்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் செத்தது.

மூன்றாவது துணைத்தேற்றம். 'இடைவெளி இருப்பது தெளிவு' என்று எழுதியிருந்தாள். எங்கே தெளிவு? பழைய படத்தைப் பார்த்து எழுதிய தெளிவு. நிரூபிக்கவே இல்லை... யாரும் கேட்கவுமில்லை.

அவனைப் பார்த்தாள். ஜெயித்தவனின் கண்கள் இல்லை அவை. மழையில் நின்ற கண்கள்... அவளைவிட அதிகமாகப் பயந்திருந்தன.

யாரும் கைதட்டவில்லை. தன் அறைக்கு ஓடினாள். அவன் பின்னாலேயே வந்து வாசலில் நின்றான்.

"எதுக்கு வந்தீங்க? மிச்சம் ஏதாவது இருக்கா இடிக்க?"

"மழைக்குத்தான் ஒதுங்கினேன். வாசல்ல உங்க பேச்சோட தலைப்பைப் பார்த்தேன். கால் தானா உள்ள வந்துடுச்சு."

"தலைப்பைப் பார்த்தா?"

"ஏற்கெனவே படிச்சிருக்கேன்..." நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தான். "போடலாமா வேண்டாமான்னு பத்திரிகைக்காக உங்க கட்டுரையைச் சோதிச்சது நான்தான்."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். சோதிப்பவர் யாரென்று எழுதியவருக்குச் சாகும்வரை தெரியக் கூடாது. அதுதான் இந்தத் தொழிலின் சட்டம்.

"நீங்களா பாஸ் போட்டீங்க?"

"அந்த 'தெளிவு' எனக்கும் தெளிவாத்தான் இருந்தது. இன்னிக்குப் படத்தைப் பெருசாப் பார்த்ததும்... வாய் முந்திக்கிச்சு."

"எட்டு மாசம் வச்சிருந்தீங்களே! என்ன பண்ணீங்க, அடைகாத்தீங்களா?"

"முதல் மாசமே முடிச்சுட்டேன். திருப்பி அனுப்ப மனசு வரல. தினமும் ஒரு பக்கம் படிப்பேன். 'யாரோ கையைப் பிடிச்சு...'"

"'...மலை உச்சிவரை கூட்டிப்போனது போலிருந்தது.'" அவள் குரல் இறங்கிவிட்டது. சோதித்த அறிக்கையில் முகம் தெரியாத அந்த ஆள் எழுதிய வாக்கியம்... மோசமான நாட்களில் எத்தனை முறை சொல்லிப்பார்த்திருக்கிறாள்! அந்த ஆள் இப்படிச் சொட்டச் சொட்ட நிற்பான் என்று நினைத்ததேயில்லை.

மழை ஜன்னலில் அறைந்தது.

அக்கா மூச்சு வாங்க வந்தாள். "வாலு, கேளு! தூசின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். அந்த ரெண்டு பேராசிரியரும் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பறாங்களாம். உங்க தலைவரே சொல்றாருடி!"

தலைவரா? ஒரே வார்த்தை... அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பத்திரிகைக்கு நான் உண்மையை எழுதித்தான் ஆகணும், தப்பு என்னோடதுன்னு" என்றான். "அதுக்கப்புறம் நீங்க என்னை வெறுத்தாலும்... உங்களை எனக்குப் பிடிச்சது பிடிச்சதுதான். நேர்ல பார்க்கறதுக்கு ரொம்ப முன்னாடியே."

அக்காவின் வாய் பிளந்தது.

அவள் நாற்காலியை விட்டாள். "தூசி இல்லன்னு சொல்லு அக்கா. தேற்றம் இப்போதைக்கு இல்ல. தப்பு என்னோடது."

"வேலை போயிடும்டி!"

"போகட்டும். வேற வரும்."

"இந்த நனைஞ்ச கோழி?"

"அவர் இங்கதான் இருப்பார். அந்த இழை நிஜமா இருக்கான்னு பார்க்கணும். அப்புறம்..." காதுவரை சிவந்தது. "அந்த வாக்கியம் வந்த நாள்லேர்ந்து எனக்கும்தான் அக்கா, பேர் தெரியாத ஒரு ஆளைப் பிடிச்சிருந்தது. போயேன்!"

திகைத்து நின்ற அக்காவைத் தோளைப் பிடித்துத் திருப்பி, வெளியே தள்ளி, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.