லெஃப்ட் விங்கருக்கு ஒரு பொட்டு

"எடுங்கோ கையை!"

அஷ்வத் திடுக்கிட்டுத் திரும்பினான். ஜெர்மனியின் காசல் நகருக்கு வெளியே, போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில், யாழ்ப்பாணத் தமிழில் அதட்டலா...? பச்சை மழைக்கோட்டு, சேறு அப்பிய பூட்ஸ், அதற்கெல்லாம் மேலே இரண்டு கண்கள். தூறல் அந்த இமைகளில் ஏறி உட்கார்ந்து, இறங்க மனமில்லாமல் இருந்தது.

கார்ல்ஸ்ரூஹே மாணவர் கால்பந்து அணியின் கோல்கீப்பர் அவன். போன ஆட்டத்தில் வாங்கியது ஏழு கோல். இது எட்டாவது.

"கல்லில என்ன பூசினனீங்கள்?"

"குங்குமங்க... ஒரு மரியாதைக்கு..."

வெள்ளைக் கல்லில் வைத்த பொட்டு, மழையில் கரைந்து 'ஆர்ச்சி மெக்ரே' என்ற பெயரின் மேல் வழிந்துகொண்டிருந்தது.

"ஸ்கொட்லாந்துக்காரனுக்குக் குங்குமமோ! ஆறு மாசமா இங்க தோட்டவேலை பழகுறன். இண்டைக்குப் பதினொரு மணிக்கு மேலதிகாரி வந்து பார்த்தால்தான் வேலை நிரந்தரம். விளங்குதோ?"

மழைக்கோட்டில் 'தேனுஜா' என்ற பெயர்ப்பட்டை தொங்க, அவள் வாளியோடு மண்டியிட்டாள். அவனும் மண்டியிட்டான்.

"வினிகர் ஊத்தினா போயிடுமே?"

"ஏலாது. கல்லை அரிச்சுப்போடும். தண்ணியும் மெல்லிய பிரஷும் மட்டும்தான். தேயுங்கோ!"

தேய்த்தான்.

"இவர் ஆரெண்டு தெரிஞ்சோ வைச்சனீங்கள்?"

"லெஃப்ட் விங்கர்ங்க. புத்தகத்துல படிச்சுட்டுத்தான் தேடி வந்தேன். ஊரே தோள்ல தூக்கிக் கொண்டாடின ஆளு. முதல் உலக யுத்தம் வந்ததும் ஆட்டத்தை விட்டுட்டுப் பட்டாளத்துல சேர்ந்துட்டார். எல்லாரும் பின்வாங்கினப்ப, அவர் வேகத்துக்கு முதல்ல தப்பிச்சிருக்கலாம். அடிபட்டுக் கிடந்த ஃப்ரெண்டுக்காகத் திரும்பி ஓடினார். ரெண்டு பேரும் கைதி. கேம்ப்ல காய்ச்சல்... ஃப்ரெண்டு பிழைச்சு ஊருக்குப் போனார். இவர் இங்கேயே..."

பிரஷ் நின்றது.

"இவ்வளவு நாளும் கழுவுறன்... பெயரும் இருபத்தாறு வயசு எண்டதும் மட்டும்தான் தெரியும்," என்றாள் மெல்ல.

அந்தக் குரலில் கரைந்தவன் வாயை மூடியிருக்கலாம். அவன் ராசி... திறந்தான்.

"ஆமா, வெள்ளிக்கிழமை அதுவுமா, பொண்ணை மயான வேலைக்கு உங்க வீட்டுல எப்படி விட்டாங்க?"

அவள் கண்கள் உறைந்தன.

"விடேல்லை. அப்பா என்னோட கதைக்கிறதே இல்லை. எனக்கு வந்த ரெண்டு சம்பந்தமும் இந்த மயானக் கதையாலதான் குழம்பினது. நீங்களும் அந்த ஆக்கள்தானே... எழும்பிப் போங்கோ."

வாசல்வரை போனான். உள்ளே வந்த மேலதிகாரி, இளஞ்சிவப்பாய் மிஞ்சிய கறையருகே குனிவதைக் கண்டான். திரும்பி ஓடினான்.

"நான்தான் பூசினேன்! இவங்க மேல தப்பில்லை!" அவனுடைய ஜெர்மனில் இலக்கணம் இல்லை; மூச்சும் இல்லை.

மேலதிகாரி அவனைப் பார்க்கவில்லை. கல்லைத் தடவினார்.

"அமிலம் எதுவும் போட்டாயா?"

"இல்லை. போட்டிருந்தால் கறை போயிருக்கும். எழுத்தும் போயிருக்கும்," என்றாள் தேனுஜா.

"மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்." அவளுடைய வேலைப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டார். பிறகு அஷ்வத்தை நோக்கி விரலை ஆட்டிவிட்டு நடந்தார்.

தூறல் வலுத்தது. இருவரும் நனைந்தார்கள்.

"போகச் சொன்னனான்..."

"போனேங்க. முடியலை." வாளியைத் தன் பக்கம் இழுத்தான். "மயான வேலைன்னு சொன்னேனே, அது முட்டாள்தனம். யாருன்னுகூடத் தெரியாதவங்களை இவ்வளவு பத்திரமா பார்த்துக்கற உங்களை... எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க வீட்டுல இன்னிக்கே சொல்லுவேன், உங்க வேலையையும் சேர்த்து."

அவள் பிரஷை வாளியில் போட்டாள். கன்னத்தில் வழிந்தது மழைதானா...?

"எங்கட அப்பான்ர பெயர் குணசேகரம்," என்றாள், தலை நிமிராமல். "கோவக்காரர். நான் சொன்னால் கேக்க மாட்டார். நீங்கள்தான் வந்து கதைக்கோணும்."