பாதிக்குப் பாதி

வார்டில் திராட்சை வாசம் அடித்தது.

பச்சிளம் குழந்தைகள் இருக்கும் இடத்துக்குப் பழம் எதுவும் வரக் கூடாது. நர்ஸ் நர்மதா ஒவ்வொரு தொட்டிலாகக் குனிந்து பார்த்தாள். வெளியே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. அந்த அதிர்வில் ஜன்னல் கண்ணாடி ஓயாமல் நடுங்கியது. மழைக்கு முந்தைய மதியப் புழுக்கத்தில் டீசல் நெடியும் பால்வாடையும் கலந்து கிடக்க, அவற்றுக்கெல்லாம் அடியில், யாரோ இப்போதுதான் ஒரு கொத்தை நசுக்கிப் போட்டதுபோல அந்த இனிப்பு வாசம் அசையாமல் நின்றது.

"வேம்பக்கா, யாராச்சும் திராட்சை எடுத்தாந்தாங்களா?"

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த வேம்பு மூக்கை உறிஞ்சினாள். "இல்லியே சிஸ்டர். ஒரு வாரமா இப்டித்தான் வந்துகினு கீது. நல்லாத்தான கீதுன்னு வுட்டுட்டேன்."

ஒரு வாரம். முதல் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும் ஒரு வாரத்துக்கு முன்புதான். இப்போது மூன்று குழந்தைகள். எந்த மருந்துக்கும் சூடு இறங்கவில்லை.

நர்மதா வாசத்தைத் தேடி நடந்தாள். கைகழுவும் தொட்டி, துணி அடுக்கு, கடைசியில் மூலையில் இருந்த கிருமிநாசினி வாளி. மூடியைத் திறந்தாள். மூக்கைக் குத்த வேண்டிய மருந்து நெடி இல்லை. வாளியின் உள்விளிம்பைத் தொட்டாள். வழவழவென்றிருந்தது. விரலை எடுத்தபோது மெல்லிய நூல் ஒன்று கூடவே நீண்டு வந்தது.

கைபேசி ஒலித்தது. பரிசோதனைக் கூடத்திலிருந்து டாக்டர் ஜேக்கப். குழந்தைகளின் ரத்தமும், வார்டில் இருந்த மருந்துகளும் நேற்றே அவரிடம் போயிருந்தன.

"சிஸ்டர், கிருமிநாசினியில எவ்ளோ தண்ணி கலக்குறீங்க?"

"போன மழையில ஸ்டோர் முழுகுச்சு இல்ல சார், அப்பலருந்து சரக்கு ஒழுங்கா வர்றதில்ல. பாதிக்குப் பாதி."

"பத்து மாசமாவா? அரைகுறை மருந்துல பலமில்லாத கிருமிதான் செத்துருக்கு. தாக்குப்பிடிச்சது பெருகி, அதுலயும் இன்னும் பலமானது மட்டும் மிஞ்சி... தினம் தினம் நாமளே பொறுக்கி வளத்துருக்கோம். இப்ப முழு மருந்தையே ஊத்திப் பாத்தேன். சாகல. அதையே தின்னு பெருகுது. திராட்சை மாதிரி வாசம் வரும், நீல வெளிச்சத்துல பச்சையா மினுங்கும். எதையும் துடைக்காதீங்க. எதையும்."

நர்மதா திரும்பினாள். வேம்பு அந்த வாளியில் நனைத்த துணியால் ஆறாவது தொட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துக்கா!"

"இன்னா சிஸ்டர்? காச்சலா கீதேன்னு காலைலர்ந்து ரெண்டு தபா தொடச்சிட்டேன். கொயந்திங்க தொப்புளாண்டகூட."

கரண்ட் போனது.

மழை இருட்டு. மஞ்சள் காமாலைக் குழந்தையின் மேல் இருந்த நீல விளக்கு மட்டும் பேட்டரியில் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் குழந்தையின் தொப்புள் பச்சையாக மினுங்கியது. நர்மதா விளக்கை அடுத்த தொட்டில் பக்கம் திருப்பினாள்.

பச்சை.

அடுத்தது.

பச்சை.

ஒரு குழந்தை அழுதது. பிறகு எல்லாம். தூக்க வேண்டும். கைகழுவ வேண்டும். எதில்? குழாயடியில் இருந்த புட்டியும் அந்த வாளியிலிருந்து நிரப்பியதுதான்.

அழுகைகளில் ஒன்று நின்றது.

நர்மதா கைகளை நீட்டினாள். நீல வெளிச்சத்துக்குள் அவை நுழைந்தன. பத்து விரல்களும் பச்சை. நகக்கண் வரை. சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

இன்னொரு அழுகையும் நின்றது.