அசைந்த இழைகள்

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்," என்றபடிதான் அந்தப் பெண் துப்பறிவாளரின் அறைக்குள் நுழைந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவள் மருத்துவமனை ஆய்வகத்தில் உயிரணு வளர்ப்பவள். மூக்கின் உச்சியில், வாசனை அறியும் சவ்வில், நரம்பைப் புதுப்பிக்கும் மூல உயிரணுக்கள் உண்டு. ஒரு துணுக்கை எடுத்துப் பெருக்கினால் அறுந்த நரம்பைச் சீராக்க உதவும். மணிக்கட்டு நரம்பு அறுந்த தையற்காரர் ஒருவருக்காக அவள் வளர்த்ததில் வேண்டிய உயிரணு ஒன்றுகூட வரவில்லை. அவளுடைய கவனக்குறைவு என்று மன்னிப்புக் கடிதம் கேட்கிறார் அறுவை மருத்துவர்.

"வேலை போனா போகட்டும். ஆனா நாளைக்கு அவர் மறுபடி அந்த மனுஷன் மூக்குல கத்தி வைப்பார், தப்பு எங்கன்னு தெரியாமலே."

துப்பறிவாளரை எல்லோரும் 'நிதானம்' என்பார்கள். அவர் வாய் திறப்பதற்குள், 'பட்டாசு' என்று பெயர் வாங்கிய உதவியாளன் வெடித்தான். "யாரோ பொறாமையில எதையோ கலந்திருக்காங்க சார்."

ஆய்வகத்தில் அவன் கட்டிய கோட்டை சரிந்தது. அதே வளர்ப்புப் பெட்டியில், அதே ஊட்டநீரில் வைத்த இன்னொரு நோயாளியின் தட்டு அமோகமாக வளர்ந்திருந்தது.

தையற்காரரின் முதல்நாள் படத்தை அவள் திரையில் ஓட்டினாள். உயிரணுக்களின் தலையில் மெல்லிய இழைகள் படபடவென்று அசைந்தன.

"நல்லா உயிரோடதானே இருக்கு," என்றான் பட்டாசு.

"நானும் அந்தச் சந்தோஷத்துல அதுக்கு மேல பார்க்கல," என்றாள் அவள்.

"இன்னொருத்தரோட முதல்நாள் படம் இருக்காம்மா?" என்று கேட்டார் நிதானம். இருந்தது. அதிலும் இழைகள் இருந்தன, ஒன்றும் அசையவில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது.

தையற்காரர் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "கேமராக் குழாய் ரிப்பேராம் சார். டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்து, சட்டுனு எடுத்துட்டார்."

மருத்துவரின் அறையில் நிதானம் குரலை உயர்த்தவே இல்லை. "மூக்கோட கீழ்ப்பகுதியில இருக்கற இழை அசையும், சளியைத் தள்ளணுமே. உச்சியில வாசனை பிடிக்கற இழை அசையாது. உச்சிக்குக் கேமரா இல்லாம போக முடியாது டாக்டர். நீங்க கைக்கு எட்டின இடத்துல எடுத்தீங்க. அதுல இவங்க எப்படி நரம்பு வளர்ப்பாங்க?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! பட்டாசுக்கு அதைச் சொல்ல நாக்குத் துடித்தது.

மருத்துவர், "சரி, கடிதம் வேண்டாம். கேமரா வந்ததும் திரும்ப எடுக்கறேன். விஷயம் இந்த அறையோட முடியட்டும்," என்றார்.

பட்டாசு நிம்மதியாக மூச்சு விட்டான். அவள் விடவில்லை.

"உங்களுக்கு முடிஞ்சுது சார். அவருக்கு விரல் இன்னும் மடங்கல. மறுபடி அவர் மூக்கைத் தொடணும்னா முதல் தடவை என்ன ஆச்சுன்னு சொல்லிட்டுத் தொடுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்வேன்."

மருத்துவரின் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கதவை அகலத் திறந்து, "அண்ணே, உள்ள வாங்க. டாக்டர் உங்ககிட்டப் பேசணுமாம்," என்று கூப்பிட்டாள்.