முட்டிக்குள்ளே ஒரு கிளி!

“டப்!”

கூடவே ஓர் அலறல்.

“ஐயையோ... சுட்டுட்டான்! என்னையச் சுட்டுட்டான்!”

சிவகாசி. 2008 ஆயுத பூஜை. பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் முதலாளிகளின் விளையாட்டு விழா. கம்பத்தைச் சுற்றித் திரும்பி வரும் ஓட்டப் பந்தயத்தில், கம்பத்தைச் சுற்றும்போதே சுருண்டு விழுந்திருந்தார் காசிராஜன் அண்ணாச்சி. இரண்டு கைகளும் வலது முட்டியைப் பிடித்திருந்தன.

மைதானமே திரும்பிப் பார்த்தது... இன்னொரு பிரஸ் முதலாளியான சாபிரை!

சாபிரின் கையில் துப்பாக்கி!

“ஏங்க... இது பொட்டுவெடித் துப்பாக்கிங்க! ஓட்டத்த ஆரம்பிச்சு வைக்க நீங்கதான குடுத்தீக!”

யார் கேட்டார்கள்? சிறப்பு விருந்தினராக வந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஜெயபாண்டி, முறுக்கோடு பாய்ந்து வந்தார்.

“பாய்! அசையாதீக! துப்பாக்கியக் கீள போடுங்க!”

சாபிர் போட்டார். அது பிளாஸ்டிக் என்பதால் துள்ளி விழுந்து இரண்டானது.

“உள்ள நெசக் குண்டு வச்சிருந்தான் சார்!” என்று புரண்டார் காசிராஜன். “முட்டிக்குள்ள இருக்கு! குறுகுறுங்குது!”

“ரத்தமே வரலியே அண்ணாச்சி?”

“சின்னக் குண்டு சார்! போன வேகத்துல தோலு மூடிக்கிருச்சு!”

சாபிர் ஜெயபாண்டியின் முன்னால் வந்து கைகூப்பினார்.

“சார்... நாளைக்கு எம் மக பர்ஹத்துக்கு நிச்சயம். காரியாபட்டியில இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரக வாராக. நான் லாக்கப்புல இருந்தா எம் புள்ள கதி என்னாகும் சார்?”

“ஆஸ்பத்திரிக்குப் போவோம். முட்டிக்குள்ள குண்டு கெடச்சா லாக்கப்பு. கெடைக்கலேன்னா நிச்சயதார்த்தப் பிரியாணிக்கு நானும் வாரேன்.”

ஜீப் கிளம்பியது.

சாபிருக்குப் பயத்தை விட எரிச்சல்தான் அதிகம். நான்கு மாதங்களுக்கு முன்பு, ஆனி மாதம், பட்டப்பகலில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம் அவருடைய பிரஸ் சுவரில் ஏறி எவனோ ஒரு டிசைனைத் திருடிப் போனான். கிளி சைக்கிள் ஓட்டும் லேபிள்! அடுத்த மாதமே காசிராஜன் பிரஸ்ஸில் அதே கிளி, அதே சைக்கிள். புதிதாக ஒரு ஹெல்மெட் மட்டும் மாட்டியிருந்தது.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சுங்க” என்று வாட்ச்மேன் இருளாண்டி சாட்சி சொன்னபோது, இதே ஜெயபாண்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

“சிவகாசியில டப்புனு சத்தம் கேட்டதுக்கெல்லாம் கேஸ் எளுதினா, ஸ்டேஷன்ல பேப்பர் பத்தாது பாய்!”

இன்று அதே மனிதர், அதே ஒரு ‘டப்’புக்காக சாபிரை ஜீப்பில் ஏற்றியிருக்கிறார். நியாயமா இது?

ஆஸ்பத்திரி.

எலும்பு டாக்டர் கற்பகவல்லி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“உள்ள குண்டு இல்ல சார். ஆளுதான் குண்டு.”

“கரைஞ்சிருக்கும்!” என்றார் காசிராஜன்.

டாக்டர் அவரைப் படுக்கவைத்தார். முட்டியை மடக்கி, கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்தார். மேசை டிராயர் போல அது பாட்டுக்கு வந்தது!

“ஆத்தீ!”

“விளும்போது முட்டிக்குள்ள இருந்து ‘டப்’புனு சத்தம் வந்துச்சா அண்ணாச்சி?”

“உள்ள இருந்தா...? ஆமா... உள்ள இருந்துதான்...”

“அது துப்பாக்கி இல்ல. உங்க முட்டி!”

சாபிர் அப்போதுதான் மூச்சு விட்டார். ஜெயபாண்டிக்கு முகம் தொங்கிப் போனது. ஆனால் டாக்டர் விடவில்லை. டேப்பை எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்தார்.

“இடது இருபத்திரெண்டு இஞ்சு. வலது இருபதுதான். ஒரே நாள்ல தொடைச் சதை இம்புட்டு வத்தாதே! படி எறங்கையில முட்டி நளுவுதா?”

“கொஞ்ச நாளா... அப்பப்ப...”

“அதான பாத்தேன்! இன்னைக்குப் போனது உள்ள இருக்க மெத்தை ஜவ்வு. எலும்பு ரெண்டையும் இறுக்கிப் பிடிக்கிற குறுக்கு ஜவ்வு போயி நாலு மாசம் இருக்கும். எங்கனயோ ஒசரத்துல இருந்து குதிச்சிருக்கீக. அப்பவே கிளி...”

காசிராஜன் கட்டிலிலிருந்து எகிறினார்!

“கிளியா! எந்தக் கிளி? செவுத்துல ஏறுனது நாந்தான் டாக்டரம்மா... ஆனா கிளிய நான் எடுக்கல! அது மேசை மேல சும்மாதான் கெடந்துச்சு!”

ஜெயபாண்டி சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“நான் ‘கிளிஞ்சிருக்கு’ன்னு சொல்ல வந்தேன்...” என்றார் டாக்டர் மெதுவாக.

என்ன செய்வது! அந்த ஊர் நாக்குக்கு ழகரம் வராது. கிழிந்தாலும் கிளிதான், பறந்தாலும் கிளிதான்!

ஜெயபாண்டி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“ஆனி மாசம்... மத்தியானம்... டப்பு...” என்று முணுமுணுத்தவர், சாபிரின் தோளில் கை வைத்தார். “பாய்... உங்க வாட்ச்மேன் கேட்டது வெடிச் சத்தம் இல்ல. அண்ணாச்சி முட்டிச் சத்தம்! அன்னைக்குச் சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கிடுங்க.”

சாபிருக்குக் கண் கலங்கிவிட்டது. “அல்லாவே... எம் புள்ள நிச்சயம் தப்பிச்சுச்சு சார். பிரியாணிக்குக் கட்டாயம் வந்துருங்க!”

“டாக்டரம்மா...” காசிராஜன் அழுதார். “ஜெயில்ல நொண்டிக்கிட்டா கெடப்பேன்? இதுக்கு வைத்தியம் உண்டா, இல்லியா?”

“இல்லாம என்ன? இப்பைக்கு ஐஸ் வச்சு, முட்டிய அசையாம பிடிக்க ஒரு பட்டை கட்டி விடுறேன். வீக்கம் வடிஞ்சதும் மதுரையில ஒரு ஸ்கேன். பெறகு ஆபரேஷன். உங்க தொடைக்குப் பின்னால இருந்தே ஒரு தசைநார எடுத்து, அதையே புது ஜவ்வா வச்சுருவோம்.”

கதவருகே போன சாபிர் நின்றார். திரும்பினார். சிரித்தார்.

“அடேங்கப்பா! அண்ணாச்சி மொத மொதலா சொந்தச் சரக்க எடுத்து ஒரு வேலை செய்யப் போறாக!”