இடம் உறுதியில்லை

மங்கையர்க்கரசி அலுவலகம் வந்ததும் முதலில் மொழிமரத்தைத் திறப்பாள். கிளை மாறிய மொழி எது, புதிதாய்ச் சேர்ந்தது எது என்று பார்த்துவிட்டுத்தான் காபி. தரமணியில் இருந்த அந்த மொழிப் பதிவகம் சொன்னபடிதான் உலகத்துக் காதுகள் எல்லாம் கேட்டன.

பிறந்த குழந்தைக்கே காதெலும்பில் செவித்துணை பதித்துவிடுகிற காலம் அது. தன் மொழி அப்படியே கேட்கும். வேற்று மொழி, செவித்துணையின் குரலில் தன் மொழியாக மாறி விழும். மரத்தில் இடமில்லாத ஓசை வெறும் இரைச்சல், வடிகட்டப்படும். லாரி ஹாரன் ஒழிந்தது என்று ஊரே கொண்டாடியது. கொண்டாடியவர்களைச் சொல்ல வேண்டும்!

அன்று திரையில் ஒரு பெண் காத்திருந்தாள். சீனாவின் யுன்னானில் அர்ஹாய் ஏரிக்கரையைச் சேர்ந்த துவான் யின்ஹுவா. தாய்மொழி, அந்த ஏரிக்கரை மக்கள் பேசும் 'பாய்'. பேசியது சீனம்; மங்கைக்குத் தமிழில் கேட்டது.

"என் மகளுக்கு மூன்று வயது. பாய் மட்டும்தான் தெரியும். சில நாட்களாக அவள் வாய் அசைகிறது, எனக்குச் சத்தமே வரவில்லை. நான் பேசுவதும் அவளுக்குக் கேட்கவில்லை. என்ன செய்தீர்கள்?"

செய்தவள் மங்கையேதான். பாய் திபெத்திய-பர்மியக் கிளையில் முளைத்ததா, சீனத்தின் உடன்பிறப்பா என்று அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டுகிறார்கள். நாணயமான ஆய்வாளராக அவள் எழுதியது: 'இடம் உறுதியில்லை.' இயந்திரம் அதை இடமே இல்லை என்று எடுத்துக்கொண்டது.

பதிவகத் தலைவர் இளம்பரிதியிடம் ஓடினாள்.

"சார், சந்தேகம்னுதானே எழுதினேன்? மொழியே இல்லைன்னா எழுதினேன்?"

"கத்தாதம்மா. திபெத்திய-பர்மியம்னு போடணும்னா குழு கூடணும், வருஷக்கணக்கா இழுக்கும். சீனத்தோட வட்டார வழக்குன்னு போடு, இப்பவே கேக்கும்."

"அதுக்கு நிரூபணம் எங்க சார்?"

"உனக்கு நிரூபணம் வேணும். அந்தப் பொண்ணுக்குக் குழந்தை வேணும்."

"நல்லா இருக்கு நியாயம்! அப்பன் பேரு தெரியலைன்னா புள்ளை அழறதுகூடப் பெத்தவளுக்குக் கேக்கக் கூடாதா? எவன் சார் போட்டான் இந்தச் சட்டத்தை?"

அவர் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். இவரிடம் பேசுவதும் செவிடன் காதில் சங்கு ஊதுவதும் ஒன்றுதான் என்று மங்கை திரும்பி வந்தாள். இரண்டு வழியையும் துவானிடம் சொன்னாள்.

"வருடக்கணக்கில் என் மகள் ஊமையாக இருப்பதா? எதையாவது போடுங்கள்."

ஆத்திரத்தோடு மங்கை 'சீன வழக்கு' என்று பதிந்தாள். தாய்க்கும் மகளுக்கும் தாய்மொழி இனிச் சீனம் என்று செவித்துணைகள் எடுத்துக்கொண்டன.

துவான் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். குழந்தை ஏதோ சொன்னது. தாயின் முகம் மலர்ந்து, உடனே கறுத்தது.

"கேட்குதா?" என்றாள் மங்கை.

"கேட்கிறது. சீனத்தில். குரல் அவளுடையது இல்லை."

துவான் குனிந்து, தன் மொழியில் மகளைப் பெயர் சொல்லிக் கொஞ்சினாள். அறியாத சீனத்தில் யாரோ பேசுவதைக் கேட்டுக் குழந்தை மிரண்டது. துவானின் முகத்தைப் பார்த்தது. பிறகு மடியிலிருந்து இறங்கி, கதவுப் பக்கம் போய் அம்மாவைத் தேடத் தொடங்கியது.